அடைமழை முதல் மாசிப் பனி வரை: செம்மறிக்குத் தீனியும் காவலும்

செம்மறி வெயில் தாங்கும், ஓரளவு குளிரும் தாங்கும். நனைந்த உடம்போடு ஈரத்தரையில் விடிய விடிய நிற்பதைத்தான் தாங்காது. மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை என்று நம் பக்கத்துச் செம்மறிகளில் பெரும்பாலானவை கம்பளி இல்லாத குட்டைமயிர் ஆடுகள். மழைத் தண்ணீர் நேராகத் தோலில் இறங்கிவிடும். கம்பளி ஆட்டுக்கு மேல்மயிர் நனைந்தாலும் அடியில் வெதுவெதுப்பு மிஞ்சும். இவற்றுக்கு அந்தப் போர்வை கிடையாது.

இன்னொன்று. மழைக்காலச் சாவு மழை கொட்டுகிற அன்றைக்கு விழுவது குறைவு. பதினைந்து இருபது நாள் கழித்து, வானம் வெளுத்த பிறகு விழும். புல்லோடு உள்ளே போன புழு வளர்ந்து ரத்தம் குடிக்க அத்தனை நாள் ஆகும். கொசுவைவிடச் சின்னப் பூச்சி கடித்துப் பரப்பும் நோய் வெளியே தெரியவும் நாள் ஆகும். "நேத்துவரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுது" என்று சொல்வது இதனால்தான். ஆகவே ஐப்பசி முதல் மாசி வரைக்குமான வேலை புரட்டாசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

புரட்டாசியில் முடிக்க வேண்டியவை

முதலில் கழித்துக்கட்டுதல். ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுத்தண்டில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு முனைகள் கத்தி போலக் குத்தினால் அந்த ஆடு மழையைக் கடக்கச் சிரமப்படும். சதை மூடி, அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் சரியான நிலை. பல் விழுந்த கிழ ஆடு, மடி கல்லாகிப்போன ஆடு, வருடா வருடம் குளம்பு அழுகும் ஆடு ஆகியவற்றை மழைக்கு முன் விற்றுவிடுவது நல்லது. தீபாவளிச் சந்தையில் விலையும் கிடைக்கும். ஒட்டிக்கிடப்பதை "தேறிவிடும்" என்று வைத்துக்கொண்டால், மார்கழியில் தீவனமும் போய் ஆடும் போகும்.

அடுத்தது தடுப்பூசி. துள்ளுமாரிக்கு (குடல் கிருமி திடீரெனப் பெருகி ஆடு துள்ளி விழுந்து சாகும் நோய்) மழைக்கு முன்பே போட வேண்டும்; முதல் தடவை போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டாவது ஊசியும் வேண்டும், ஒன்றோடு நின்றால் காப்பு நிலைக்காது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று மாதம் தாண்டிய குட்டிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலநாக்கு நோய்க்கு ஐந்து வகை வைரஸை எதிர்க்கும், செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன தடுப்பூசி இருக்கிறது. இதற்கும் சுமார் ஒரு மாதம் கழித்து இரண்டாம் தவணை உண்டு. காப்புச் சக்தி ஊற நாள் பிடிக்கும் என்பதால் ஆவணியிலேயே முதல் தவணையைத் தொடங்கினால்தான் ஐப்பசிக்குப் பலன் தரும். மூன்றையும் ஒரே நாளில் குத்திவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல், எந்த வரிசையில் எத்தனை நாள் இடைவெளியில் போடுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் வராத தடுப்பூசியைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

மூன்றாவது உலர்தீவனம். இதைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் தினம் 800 கிராம் முதல் 1 கிலோ வரை தீனி தேவை. மழைக்காலப் பச்சைப்புல்லில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கொண்டே வயிறு நிரப்ப வேண்டுமென்றால் ஐந்து கிலோவுக்கு மேல் மேய வேண்டும்; பனி விலகக் காத்திருந்து, சீக்கிரம் அடைந்துவிடும் குறுகிய பகலில் அது நடக்காத காரியம். காடு பச்சைப்பசேல் என்று இருக்க, ஆடு இளைப்பது இப்படித்தான்.

50 ஆடுகள், 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். மழையால் மேய்ச்சலே போக முடியாத நாள் 30. அன்றைக்கு ஆட்டுக்கு 600 கிராம் உலர்தீவனம்: 900 கிலோ. மேய்ச்சல் போகும் மற்ற 60 நாள் காலையில் 200 கிராம்: 600 கிலோ. ஆக 1,500 கிலோ. சிந்துவதற்கும் நனைவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,650. இதில் மூன்றில் இரண்டு பங்கு கடலைக்கொடியாகவும் ஒரு பங்கு சோளத்தட்டாகவும் இருந்தால் போதும். கடலைக்கொடியில் புரதம் உண்டு, ஆடு விரும்பித் தின்னும். சோளத்தட்டை நறுக்கிப் போட்டால்தான் தின்னும். முழுசாகப் போட்டால் தோகையை உருவிக்கொண்டு தண்டைக் காலில் மிதிக்கும்.

கடலைக்கொடி வாங்கும்போது போரின் நடுவே கை விட்டு ஒரு பிடி உருவி, மூக்கருகே வைத்துப் பாருங்கள். சுட்ட வெல்லம் மாதிரி நெடியோ பூசண நாற்றமோ வந்தால், உதறும்போது சாம்பல் போலத் தூசி பறந்தால், ஈரத்தோடு போர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சினை ஆட்டுக்குக் கருச்சிதைவும் வரலாம். மேலே இருக்கிற கொடியை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வீட்டில் போர் போடும்போது அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கல்லும் கட்டையும் பரப்பி, அதன்மேல் போட்டு, உச்சியைக் கூம்பாக்கித் தார்ப்பாய் கட்டுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இறக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

படுக்கிற இடம்

தஞ்சைப் பக்கம் வயல்களில் எருவுக்காகக் கிடை போடும் கீதாரிகள் (ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகும் மேய்ப்பர்கள்) மழைக்காலத்துக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மேட்டுக்காடுகளுக்குத் திரும்பிவிடுவார்கள். பட்டிக்கு இடம் தேடுகிறபோதும் அதே புத்திதான் வேண்டும்: தண்ணீர் வடிகிற மேடு.

கொட்டகை என்றால் பெரிய ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி. தரை சுற்று நிலத்தைவிட ஓர் அடி உயரம். சரளை கலந்த செம்மண் போட்டுக் கெட்டித்து, பத்தடிக்கு மூன்று அங்குலச் சரிவு கொடுக்க வேண்டும். கூரை இரண்டரை அடியாவது வெளியே நீள வேண்டும். இல்லாவிட்டால் சாரல் உள்ளே அடிக்கும். கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டிலேயே ஓர் அடி அகலம், அரையடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்துப் பள்ளத்துக்கு விடுங்கள். பரண் கொட்டகை போட வசதி உள்ளவர்கள் சட்டங்களுக்கு இடையே பெரிய ஆட்டுக்கு ஒன்றரை செ.மீ., குட்டிக்கு ஒரு செ.மீ. இடைவெளி விட வேண்டும். கூடினால் குளம்பு சிக்கும், குறைந்தால் புழுக்கை கீழே விழாது.

தரை காய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியற்காலையில் ஆடு படுத்து எழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். மேலே சருகாக இருந்தாலும் அடியில் ஈரம் இருந்தால் கையில் ஒட்டும், கைரேகை கறுக்கும். அப்படியென்றால் அந்த அடுக்கை வழித்தெடுத்து, சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவி, மேலே கடலைத்தோலோ காய்ந்த வைக்கோலோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். ஈரப் படுக்கையின் மேல் புதுப் படுக்கை போட்டு மூடுவதுபோல ஏமாற்று வேலை வேறில்லை. இரண்டே நாளில் அடியில் புளித்து நெடியடிக்கும்.

அடுத்த தவறு, குளிரும் என்று கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் போட்டு அடைப்பது. ஆட்டின் மூச்சும் மூத்திர நெடியும் உள்ளேயே சுற்றி, நுரையீரலைப் புண்ணாக்கி, சளிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். கீழே மூன்றடி அடைப்பு, அதற்குமேல் திறப்பு. வாடைக்காற்று அடிக்கும் பக்கம் மட்டும் இரவில் சாக்குப் படுதா. காலையில் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். பொழுது விடியும் முன் உள்ளே போய் ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் உங்கள் கண் எரிந்தால், எட்டு மணி நேரம் அங்கே படுத்திருந்த குட்டிக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரியும். நின்றபடி மோந்து பார்த்தால் இது தெரியாது.

தீனி: காய்ந்தது முதலில்

இந்தப் பருவத்துக்கு ஒரே ஒழுங்கை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன் ஆட்டுக்கு 200 கிராம் உலர்தீவனம். பசியோடு ஈரப்புல்லில் விட்ட ஆடு அள்ளி விழுங்கும். வயிறு உப்பும், கழியும். உள்ளே ஒரு பிடி கடலைக்கொடி இருந்தால் நிதானமாக மேயும், அசைபோடும்.

மேய்ச்சலே இல்லாத அடைமழை நாளுக்கு ஈனப்போகும் ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் இந்த அளவு பொருந்தும்: கடலைக்கொடி 400 கிராம், நறுக்கிய சோளத்தட்டு 200 கிராம், மரத்தழை 1 கிலோ, அடர்தீவனம் 150 கிராம். வெறும் ஆட்டுக்குத் தழையைப் பாதியாக்கி அடர்தீவனத்தை 50 கிராமாகக் குறைக்கலாம். மழை நாளில் இதை இரண்டு வேளையாகப் பிரித்து, தழையை மேலே கட்டித் தொங்கவிட்டுக் கொடுங்கள். தரையில் போட்டால் பாதி படுக்கையாகிவிடும்.

தழைக்கு அகத்தி, முருங்கை, வாகை, வேம்பு, ஆல், கல்யாண முருங்கை எல்லாம் ஆகும். சவுண்டல் புரதம் மிகுந்தது, ஆனால் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மிகுந்தால் மயிர் கொட்டும். அடைமழை நாளில் தழை அறுக்க யாரும் போகமாட்டார்கள் என்பதால், வானம் இருட்டும்போதே இரண்டு நாளுக்கானதை வெட்டிக் கூரைக்கடியில் தலைகீழாகக் கட்டிவைப்பது வழக்கமாக இருக்கட்டும்.

அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாம். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 27, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 10, தாது உப்பு 2, சாதா உப்பு 1. தாது உப்பு ஆட்டுக்கென்று விற்கிற பொட்டலமாக இருக்க வேண்டும். செம்பு அதிகமுள்ள மாட்டுத் தாது உப்பையோ கோழித்தீவனத்தையோ செம்மறிக்குப் போடக்கூடாது. செம்பு ஈரலில் சிறுகச் சிறுகச் சேரும். ஒருநாள் மூத்திரம் காப்பிக் கலரில் போய், கண் மஞ்சளாகி ஆடு விழும். மாடு தாங்குகிற அளவைச் செம்மறி தாங்காது. தீவனக் கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் நம்பாதீர்கள்.

அடர்தீவனம் பழகாத ஆட்டுக்கு முதல் நாள் 50 கிராம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 25 கிராம் கூட்டி 150-க்கு வர வேண்டும். ஒரே நாளில் தூக்கிக் கொடுத்தால் இரண்டு விதத்தில் கேடு. வயிறு புளித்துப்போகும், அல்லது குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி திடீரென்று பெருகித் துள்ளுமாரி வரும். மந்தையிலேயே கொழுகொழுவென்று இருக்கிற குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும், ஏனென்றால் அதுதான் அதிகம் தின்றிருக்கும். முதல் மழைக்குப் பின் தளதளவென்று எழும்பும் இளம்புல்லில் நாள் முழுக்க விட்டாலும் இதே கதை. முதல் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுவது.

சோளக்காட்டு விஷயத்தில் கூடுதல் கவனம். வறட்சியில் வாடிக் கிடந்த சோளமும் அறுத்த தாளில் மறுதழைவாக வந்த இளந்தளிரும் மழை பட்டதும் பசுமையாகிக் கூப்பிடும். அதில்தான் நஞ்சு மிகுதி. தின்ற கால் மணி நேரத்தில் மூச்சிரைத்து, நடுங்கிச் சாயும். முழங்கால் உயரத் தளிரில் ஆட்டை விடவே கூடாது. பூ வைத்த பிறகு அறுத்து, நன்றாக உலர்த்திப் போட்டால் பயமில்லை.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மழை நாளில் ஆடு குடிக்காது என்பது பச்சைப்புல் மேயும் நாளுக்குப் பொருந்தும். கொட்டகையில் காய்ந்த கொடி தின்னும் நாளில் இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் இல்லையென்றால் வாசல் குட்டையைத்தான் தேடிப் போகும்; அதில் புழுக்கையும் மூத்திரமும் கரைந்திருக்கும்.

மேய்ச்சல் நேரமும் புழுவும்

மழைக்காலத்தில் செம்மறியை அதிகம் கொல்வது இரைப்பையில் ரத்தம் குடிக்கும் முறுக்குப்புழு. புழுக்கையோடு விழும் முட்டை இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் நோய் பரப்பும் இளம்புழுவாகி, புல்லில் ஒட்டிய பனிநீர்ப் படலத்திலேயே மேலே ஏறி நுனியில் உட்காரும். வெயில் ஏறி நுனி காய்ந்தால் கீழே இறங்கும். அதனால் பனி காய்ந்த பிறகு, ஒன்பதரை பத்து மணிக்கு மேல் பட்டியைத் திறக்க வேண்டும். நிலம் உள்ளவர்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலி கட்டி, ஒரு துண்டில் நாலைந்து நாளுக்கு மேல் நிறுத்தாமல் மாற்றுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் (மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம்) கிளுவை வேலி கட்டிப் பிரித்து, கொழுக்கட்டைப்புல்லை மாற்றி மாற்றி மேய்க்கும் பழக்கம் இதற்கு நன்றாகவே உதவுகிறது. தரையோடு தரையாகச் சுரண்ட விடாமல் நாலு விரல் உயரப் புல் மிச்சமிருக்கும்போதே நகர்த்திவிடுங்கள்.

ஒரு முறுக்குப்புழு தினம் குடிக்கும் ரத்தம் சுமார் 0.05 மி.லி. ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மி.லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை, ஒன்றே முக்கால் லிட்டர்தான். இந்தப் புழுவுக்குக் கழிச்சல் வராது. புழுக்கை நன்றாகவே விழும். எனவே கழிச்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை கீழ் இமையை விரலால் இறக்கி உள்நிறத்தைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், ஒரு நொடி மட்டும். அதிக நேரம் இழுத்துப் பிடித்தால் இமை தானாகவே சிவக்கும். மாதுளை முத்து நிறமோ நல்ல இளஞ்சிவப்போ இருந்தால் விட்டுவிடலாம். வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் சினை ஆட்டுக்கும் குட்டிக்கும் மருந்து. காகித வெள்ளை என்றால் எந்த ஆடானாலும் அதற்கு உடனே மருந்து. சாயங்காலம் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. மருந்தோடு ரத்த விருத்திக்கான சிகிச்சையும் வேண்டும்.

மருந்தளவில்தான் பெரும்பாலான கோளாறு. அல்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மி.கி. என்று வைத்தால், ஒரு மி.லி.யில் 25 மி.கி. உள்ள திரவத்தில் 25 கிலோ ஆட்டுக்கு ஏழரை மி.லி. வரும். கண்மதிப்பில் எடை போட்டால் கிடாவுக்குக் குறைவாகவே போகும். குறைந்த மருந்தில் பிழைத்த புழு, அடுத்த முறை முழு மருந்துக்கும் சாகாது. நாலைந்து ஆட்டைத் தராசில் தூக்கி, கனமான ஆட்டின் எடைக்கு அந்த வயதுக் கூட்டம் முழுவதற்கும் கொடுங்கள். சினையான முதல் ஒன்றரை மாதம் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகலாம். மாற்று மருந்தை மருத்துவர் சொல்வார். குடத்தைக் கவிழ்ப்பதுபோலத் தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள். மூக்குத்தண்டு தரைக்கு இணையாக இருக்க, கடைவாய் ஓரத்தில் குழாயை நுழைத்து நாக்கின் பின்பக்கம் விட வேண்டும். அண்ணாந்த ஆட்டுக்கு மருந்து நுரையீரலுக்குப் போய், புழுவுக்குப் பதில் ஆடு சாகும்.

குளம்பு

சேற்றில் நாலு நாள் நின்றால் குளம்பிடுக்கு ஊறி வெளுக்கும், பிறகு அழுகி நாறும். முன்னங்காலை மடித்து மண்டியிட்டு மேயும் ஆட்டைக் கண்டதுமே தனியே பிரியுங்கள். வாசலில் ஆறடி நீளம், ஓரடி அகலத்தில் தொட்டி கட்டி மூன்று அங்குலம் நிரப்பினால் சுமார் 42 லிட்டர் பிடிக்கும். அதில் துத்தநாக சல்பேட் 4 கிலோ 200 கிராம் கரைத்தால் 10 சதவீதக் கரைசல். முதலில் வெறும் தண்ணீரில் சேற்றைக் கழுவி, பிறகு இதில் ஐந்து நிமிடம் நிறுத்தி, காய்ந்த தரையில் அரை மணி நேரம் விட வேண்டும். தொட்டியிலிருந்து நேராகச் சேற்றுக்கு விரட்டினால் பலனில்லை. மயில்துத்தமும் (5 சதவீதம்) ஆகும் என்றாலும் அது செம்பு. தாகத்தோடு வரும் ஆடு அதில் வாய் வைத்துவிட்டால் வம்பு.

நீலநாக்கு

கொசுவைவிடப் பொடியான ஒரு கடிபூச்சி பரப்புவது இது. சாணியும் சேறும் கலந்த இடத்தில் பெருகி, பொழுது சாயும்போதும் விடியும்போதும் கடிக்கும். ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொட்டு ஒட்டாது. ஆகவே நோயாளி ஆட்டை ஒதுக்குவதோடு நின்றுவிடாமல் பூச்சியைத் தடுக்க வேண்டும்: ஐந்தரைக்குள் பட்டி அடைப்பு, எருக்குழி கொட்டகைக்குத் தள்ளி, பொழுது சாயும்போது காற்று வரும் பக்கத்தில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம். புகை கொட்டகையைத் தடவிக்கொண்டு போனால் போதும். உள்ளே மூட்டினால் குட்டிகளுக்குச் சளி பிடிக்கும்.

செம்மறியின் சாதாரணச் சூடு 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். இந்த நோயில் 105, 106 வரை ஏறும். உதடும் முகமும் வீங்கும், மூக்குச்சளி காய்ந்து பொருக்குக் கட்டும், வாய்க்குள் புண், குளம்புக்கு மேல் சிவந்த வளையம், நொண்டல். வாய்ப்புண் வந்த ஆடு பசியால்தான் பாதி சாகிறது. கஞ்சிதான் இதற்கு உயிர்நாடி: கேழ்வரகு அல்லது அரிசிக் கஞ்சி, ஆறவைத்து, சிறிது உப்பும் வெல்லமும் கலந்து வேளைக்கு 200 மி.லி. என்று நாலு வேளை, மெதுவாக. வாயை ஒரு சதவீதப் படிகாரத் தண்ணீரில் கழுவி, கிளிசரினில் குழைத்த போரிக் பவுடரைத் தடவுங்கள். வெயில் பட்டால் புண் அதிகமாகும், நிழலில் கட்டுங்கள். கூடவே வரும் சளிக்காய்ச்சலுக்கு மருத்துவரின் ஊசி வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

மார்கழிக் குட்டிகள்

ஆடியில் கிடா சேர்ந்த ஆடு 150 நாள் கணக்கில் மார்கழியில் ஈனும், பனி உச்சத்தில். கடைசி ஒன்றரை மாதம் தினம் 150 முதல் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்திருந்தால் குட்டி இரண்டே கால் கிலோவுக்கு மேல் விழும், தாய்க்கும் பால் இருக்கும். இளைத்த தாயின் ஒன்றரைக் கிலோ குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

ஈன்றதும் மூக்கு வாய்ச் சளியை வழித்து, காய்ந்த சாக்கால் தேய்த்துத் துவட்டி, தாயின் முன் போடுங்கள். முழுவதும் நாமே துடைத்துவிடாமல் தாய் நக்கவும் கொஞ்சம் விட வேண்டும். மணம் பிடித்தால்தான் சேர்க்கும். தொப்புள்கொடியை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி டிங்சர் அயோடினில் முக்குங்கள். மடியின் முதல் பீச்சை வெளியே விட்டு, அடைப்பு எடுபட்டதா பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். கிலோவுக்கு 50 மி.லி. வீதம், இரண்டே கால் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 110 மி.லி.; முதல் நாளில் நாலு வேளையாவது. தாயையும் குட்டியையும் நாலுக்கு நாலடித் தடுப்பில் மூன்று நாள் பிரித்து வையுங்கள்.

விறைத்துக் கிடக்கும் குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விடுங்கள். சூடாக இருந்து விரலைச் சப்பினால் பாலுக்குத்தான் குறை. வாய் சில்லென்று, நாக்கு அசையாமல் இருந்தால் உடம்புச் சூடு இறங்கிவிட்டது. இப்போது பாலைப் புகட்டவே கூடாது. தலை நிமிர்த்த முடியாத குட்டிக்கு அது நுரையீரலில் இறங்கும். நன்றாகத் துவட்டி, கூடையில் வைக்கோல் போட்டு, இரண்டடி உயரத்தில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். மின்சாரம் இல்லையென்றால் கைபொறுக்கும் சூட்டு வெந்நீர் புட்டியைத் துணியில் சுற்றி இருபுறமும் வையுங்கள். ஈன்று ஐந்தாறு மணி நேரம் ஆகியும் பால் குடிக்காமல் விறைத்த குட்டிக்குச் சூடு ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறும்போதே வலிப்பு வந்து போய்விடும். தலை நிமிர்த்தி, வாய் சூடாகி, சப்பத் தொடங்கிய பிறகு கறந்த சீம்பால்.

தையும் மாசியும்

பொங்கல் வாரத்தில் வரும் சாவுக்குக் காரணம் பாசம். மிஞ்சிய பொங்கலையும் சோற்றையும் ஆட்டுக்கு அள்ளி வைப்பார்கள். களத்தில் புது நெல் குவியலிலும் வாய் வைக்கும். சில மணி நேரத்தில் வயிறு புளித்து, பல்லை நறநறவென்று கடித்து, தள்ளாடிப் படுக்கும். தண்ணீரை இஷ்டத்துக்குக் காட்டாமல், சமையல் சோடா 20 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து நிதானமாகப் புகட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அகத்தியும் ஈரப் பயறுச்செடியும் தின்று இடப்பக்கம் உப்பி நுரை தள்ளினால் அது வேறு. அதற்குக் கடலை எண்ணெய் 50 மி.லி.

ஊட்டி, கொடைக்கானல் மேட்டில் கதை வேறு மாதிரி. அங்கே தை வரை உறைபனி விழும். நீலகிரி ஆட்டுக்குக் கம்பளி உண்டு. புல்லின் வெள்ளைப் பொருக்கு உருகி வடியும்வரை கொட்டகையிலேயே காய்ந்த புல் போடுவதும், கம்பளி வெட்டைக் கோடைக்குத் தள்ளி வைப்பதும் முக்கியம்.

சமவெளியில் மாசியில் ஏரித் தண்ணீர் வற்றி, கரையோரம் பச்சைக் கட்டும். அந்தப் பசுமைதான் கடைசி ஆபத்து. நத்தை இருந்த ஈரத்தில் தட்டைப்புழு இனங்களின் குஞ்சுகள் புல்லில் ஒட்டிக் காத்திருக்கும். அங்கே மேய்ந்து மூன்று நாலு வாரத்தில் தண்ணீராக, அழுகல் நாற்றத்தோடு கழிந்தால் முறுக்குப்புழு மருந்து வேலை செய்யாது. ஆக்சிக்ளோசனைடு போன்ற தட்டைப்புழு மருந்து வேண்டும், அளவு எடையைப் பார்த்து. ஏரிக்குள் தரை வெடித்து நத்தை ஓடு வெளுத்துக் கிடக்கிற வரை கரைமேட்டிலேயே மேய்த்துவிட்டு, பிறகு இறக்குங்கள். மயிர் கத்தரிப்பதையும் உண்ணிக்கு மருந்துக் குளியலையும் பனி விட்ட பிறகு, வெயில் உள்ள நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்; அடைவதற்கு முன் முதுகு காய்ந்திருக்க வேண்டும்.